பதவியை உதறிய இமாம் கஸ்ஸாலி

பக்தாத் நகரம். 1095-ம் ஆண்டு. நிஜாமிய்யா மதரஸாவில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். பத்துப் பேர், இருபது பேர் அல்ல. 300 மாணவர்கள்!

ஆசிரியர் வந்தார். ஆசனத்தில் அமர்ந்தார். பாடத்தைத் தொடங்க வாயைத் திறந்தார்.

பேச்சு வரவில்லை.

மீண்டும் முயன்றார். நாக்கு எழவில்லை. ஒரே ஒரு சொல்லாவது சொல்லி, காத்திருக்கும் மாணவர்களின் மனத்தைக் குளிர வைக்கலாம் என்று பார்த்தார். முடியவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த நாக்கு சாதாரண நாக்கு அல்ல. பெரிய பெரிய அறிஞர்களை வாதத்தில் மடக்கிய நாக்கு. கலீபாவும் சுல்தானும் மந்திரிகளும் கேட்டு வியந்த நாக்கு. அதற்கு உடையவர்தான் இமாம் கஸ்ஸாலி. அப்போது அவருக்கு வயது 37.

அவருக்கு என்ன வந்தது? பக்தாத் முழுவதும் இதே பேச்சு.

நூல் நூற்றவரின் மகன்

பாரசீகத்தில் தூஸ் என்று ஒரு வட்டாரம். இன்றைய ஈரானில் மஷ்ஹத் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தாபரான் என்ற ஊரில் 1058-ம் ஆண்டு பிறந்தார் கஸ்ஸாலி. முழுப்பெயர் அபூ ஹாமித் முகம்மது.

தகப்பனார் ஏழை. கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்தவர். தம் கை உழைப்பில் வந்ததைத் தவிர வேறு எதையும் உண்ணமாட்டார் என்பார்கள். வேலை முடிந்ததும் மார்க்க அறிஞர்கள் பேசும் இடத்துக்குப் போய் ஓரமாக உட்காருவார். கேட்டுக் கேட்டுக் கண்ணீர் விடுவார். தமக்கும் இப்படி ஒரு பிள்ளை வேண்டும் என்று இறைவனிடம் கேட்பார்.

அவருக்கு ஒரு தீராத குறை இருந்தது. எழுதப் படிக்கக் கற்கவில்லையே என்பதுதான் அந்தக் குறை. மரணப் படுக்கையில் இருந்தபோது, ஒரு சூபி நண்பரை அழைத்தார். முகம்மது, அகமது என்ற தம் இரு பிள்ளைகளையும் அவர் கையில் ஒப்படைத்தார். தாம் இழந்ததைப் பிள்ளைகளாவது பெறட்டும் என்றும், தாம் சேர்த்து வைத்த பணம் முழுவதும் அதற்கே செலவாகட்டும் என்றும் சொல்லிக் கண்ணை மூடினார்.

நண்பர் வாக்குத் தவறவில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஆனால் நூல் நூற்றவரின் சேமிப்பு எத்தனை நாளைக்கு வரும்? ஒருநாள் தீர்ந்துவிட்டது. நண்பரும் பரம ஏழை. மதரஸாவில் சேர்ந்தால் படிப்பும் உண்டு, சாப்பாடும் உண்டு, அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

இதைப் பிற்காலத்தில் கஸ்ஸாலி மறைக்கவில்லை. தாங்கள் கல்வியைத் தேடியது அல்லாஹ்வுக்காக அல்ல, ஆனால் கல்விதான் அல்லாஹ்வுக்கே உரியதாக இருப்பேன் என்று பிடிவாதம் செய்தது என்று சொல்வாராம். அந்தப் பிடிவாதம் வெல்வதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

கொள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பாடம்

வாலிபப் பருவத்தில் ஜுர்ஜான் என்ற ஊருக்குப் போய்ப் படித்தார். ஆசிரியர் சொன்னதையெல்லாம் எழுதி ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்தார்கள். இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் உயிர் பிழைத்ததே போதும் என்று ஓடினார்கள். கஸ்ஸாலி மட்டும் கொள்ளைக்காரர்களின் பின்னாலேயே போனார்! திரும்பிப் போகாவிட்டால் உயிர் போகும் என்று தலைவன் மிரட்டினான். அவர் அசையவில்லை. அந்த ஏடுகள் அவனுக்கு எதற்கும் உதவாது என்றும், தாம் கற்ற அறிவெல்லாம் அதில் இருக்கிறது என்றும், அதை மட்டும் கொடுத்துவிடும்படியும் கெஞ்சினார்.

தலைவன் சிரித்துவிட்டான். ஏட்டைப் பறித்ததும் அறிவும் போய்விடுமானால், அது என்ன அறிவு என்று கேட்டான். மூட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

கஸ்ஸாலிக்குச் சுருக்கென்று தைத்தது. இறைவனே அவன் வாயில் புகுந்து தம்மைத் திருத்தியதாக நினைத்தார். ஊருக்குப் போய் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து, மூட்டையில் இருந்ததையெல்லாம் மனப்பாடம் செய்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

ஏட்டிலிருந்து தலைக்கு வந்துவிட்டது. தலையிலிருந்து நெஞ்சுக்கு இறங்க இன்னும் வெகு தூரம் இருந்தது.

ஏறு முகம்

நிஷாப்பூர் நகரில் ஜுவைனி என்ற மாபெரும் ஆசிரியரிடம் சேர்ந்தார். தர்க்கம், சட்டம், மார்க்கத் தத்துவம் எல்லாம் பயின்றார். 1085-ம் ஆண்டு ஆசிரியர் காலமானார். கஸ்ஸாலி நேரே போனது நிஜாமுல் முல்க்கின் சபைக்கு.

நிஜாமுல் முல்க் செல்ஜூக் பேரரசின் பிரதம மந்திரி. சுல்தானுக்கு வாள் என்றால், மந்திரிக்குக் கல்விச்சாலை. ஊர் ஊராக மதரஸாக்களை நிறுவினார். அவர் சபையில் அறிஞர்கள் கூடி ஓயாமல் வாதம் செய்வார்கள். கஸ்ஸாலி போனார், எல்லோரையும் வென்றார்.

1091-ம் ஆண்டு பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அன்றைய இஸ்லாமிய உலகில் ஓர் அறிஞருக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை. வயது 33!

அவர் பக்தாதுக்குள் நுழைந்தபோது, அவருடைய உடையையும் வாகனத்தையும் பார்த்த ஊரார் மதிப்புப் போட்டார்கள். 500 தீனார் பெறும் என்று சொன்னார்களாம். அதாவது 500 பொற்காசு. நூல் நூற்றவரின் மகனுக்கு!

உள்ளே ஒரு கேள்வி

மறு ஆண்டே, 1092-ல், நிஜாமுல் முல்க் பிரயாணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். ஒரு மாதம் கடந்து சில நாளில் சுல்தான் மலிக் ஷாவும் இறந்தார். வாரிசுகள் சண்டையிட்டுக்கொண்டார்கள். நேற்றுவரை உலகமே அஞ்சிய பெயர்கள் இன்று மண்ணுக்குள்!

கஸ்ஸாலி பாடம் நடத்தினார். தத்துவ ஞானிகளை மறுத்து நூல் எழுதினார். ஓய்வு நேரத்தில் சூபி ஞானிகளின் நூல்களையும் புரட்டினார். அறிவினால் எட்டக்கூடியதையெல்லாம் எட்டிப் பிடித்துவிட்டார். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

ஆரோக்கியம் என்றால் என்ன என்று வைத்தியருக்கு நன்றாகத் தெரியும். அவரே காய்ச்சலில் படுத்தால், அந்த அறிவு காய்ச்சலைத் தணிக்குமா? இறையச்சம் என்றால் என்ன, பற்றில்லாமை என்றால் என்ன என்று தமக்குத் தெரியும், ஆனால் அவை தம்மிடம் இல்லை என்பதைக் கஸ்ஸாலி கண்டுகொண்டார்.

பிறகு தம் பாடத்தை எடைபோட்டுப் பார்த்தார். தாம் இத்தனை பேருக்குப் போதிப்பது யாருக்காக? அல்லாஹ்வுக்காகவா? இல்லை. பெயருக்காக, புகழுக்காக, பதவிக்காக. தாம் நிற்பது சரிகிற கரையில். அடுத்த அடி நரகம்.

இந்த எண்ணம் வந்தபின் தூக்கம் ஏது?

ஆறு மாதப் போராட்டம்

பதவியை விட்டுவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்வார். மறுநாள் அந்த முடிவு கரைந்துவிடும். ஒரு காலை முன்னே வைப்பார், மறு காலைப் பின்னே இழுப்பார். காலையில் மறுமையின் மேல் ஆசை பிறக்கும். மாலைக்குள் உலக ஆசை படை திரட்டி வந்து அதை முறியடித்துவிடும்.

புறப்படு, வாழ்நாளில் மீதி கொஞ்சந்தான் என்று ஒரு குரல் துரத்தும். இது வெறும் மன மயக்கம், சீக்கிரம் தெளிந்துவிடும், இவ்வளவு நல்ல பதவியை விட்டுவிட்டால் பிறகு வேண்டுமென்றாலும் கிடைக்காது என்று இன்னொரு குரல் தடுக்கும்.

ஏறக்குறைய ஆறு மாதம் இப்படி இழுபறி. வாதத்தில் எல்லோரையும் வென்றவருக்குத் தம் மனத்தை வெல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாக்கு பூட்டிக்கொண்டது. துக்கம் நெஞ்சை அடைத்தது. உணவு இறங்கவில்லை. ஒரு வாய்க் கஞ்சி விழுங்கக்கூட முடியவில்லை. உடல் வற்றியது.

வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள். இந்த நோய் மனத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியது, மனத்தில் உள்ள கவலை நீங்கினாலொழிய மருந்தினால் பயன் இல்லை என்று கையை விரித்தார்கள். கெட்டிக்கார வைத்தியர்கள்தான்!

இனிச் செய்வதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்று கஸ்ஸாலிக்குப் புரிந்தது. கதியற்றவன் அழுவதைப் போல அல்லாஹ்விடம் அழுதார். அதன் பிறகு நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். பதவியும் பணமும் மக்களும் நண்பர்களும் மனத்தைவிட்டு அகல்வது திடீரென்று எளிதாகிவிட்டதாம்.

ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் சிரியாவுக்குப் போவதுதான் எண்ணம். சொன்னால் கலீபாவும் நண்பர்களும் விடமாட்டார்கள். தம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் போதுமானதை வைத்துக்கொண்டு, மற்றச் செல்வத்தையெல்லாம் வாரிக் கொடுத்தார். பக்தாத் பதவிக்குத் தம்பி அகமதை வைத்துவிட்டு, 1095-ம் ஆண்டு நவம்பரில் வெளியேறினார்.

ஊர் ஏதேதோ பேசியது. அரசாங்கத்துக்குப் பயந்து ஓடுகிறார் என்றார்கள் தூரத்தில் இருந்தவர்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதுவும் பொருந்தவில்லை. அரசாங்கம் அவரைப் போகாதே என்று கெஞ்சியதை அவர்கள் பார்த்தார்கள். கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்லி ஓய்ந்தார்கள். மார்க்கத்துக்காக ஒருவர் மார்க்க உபதேசப் பதவியை விடுவார் என்று அந்த அறிஞர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மினாராவின் மேலே

டமாஸ்கஸ் நகரின் பெரிய பள்ளிவாசல் உமையாக்கள் கட்டியது. அதன் மினாரா ஒன்றில் ஏறி, கதவைத் தாழிட்டுக்கொள்வார். பகல் முழுவதும் தனிமை, தியானம், தொழுகை. தம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லாத ஊர்.

ஒருநாள் ஒரு மதரஸாவுக்குள் போனாராம். அங்கே ஆசிரியர், கஸ்ஸாலி இப்படிச் சொல்கிறார் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எதிரே நிற்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. கஸ்ஸாலி பயந்துவிட்டார். எங்கே தமக்குள் மறுபடியும் கர்வம் தலைதூக்கிவிடுமோ என்று டமாஸ்கஸை விட்டே கிளம்பிவிட்டார் என்று சொல்வதுண்டு. புகழ் ஒரு பழைய கடன்காரனைப் போல ஊர் ஊராகத் தேடி வருகிறது.

ஜெருசலத்துக்குப் போனார். அங்கும் பாறைக் குவிமாடத்தினுள் கதவை அடைத்துக்கொண்டு வணக்கம். அடுத்து ஹெப்ரோன் நகரம். நபி இப்ராஹீம் அடங்கிய இடம். அங்கே 1096-ம் ஆண்டு மூன்று சபதங்கள் செய்தார். எந்த அரசரிடமும் பணம் வாங்குவதில்லை. எந்த அரசரையும் தேடிப் போவதில்லை. எவரோடும் வாதப்போர் செய்வதில்லை. எந்த மூன்றினால் அவர் உயர்ந்தாரோ, அந்த மூன்றையும் அறுத்துப் போட்டார்.

அதே ஆண்டு ஹஜ் கடமையை நிறைவேற்றினார். வீட்டிலிருந்து பிள்ளைகளின் ஏக்கமும் அழைப்பும் இழுத்தன. போகும் வழியில் பக்தாத்தில் சில நாள் தங்கினார். ஊரார் பழையபடி அவருடைய உடையை மதிப்புப் போட்டார்கள். இந்தத் தடவை 15 கீராத். ஒரு தீனாருக்கும் குறைவு!

நாற்பது பகுதி நூல்

அந்த அலைச்சலின் நடுவே எழுதிய நூல்தான் இஹ்யா உலூமித்தீன். மார்க்க அறிவுகளுக்கு உயிரூட்டல் என்று பொருள். மொத்தம் 40 பகுதிகள். வணக்கம், அன்றாட வாழ்க்கை, அழிவைத் தரும் குணங்கள், ஈடேற்றம் தரும் குணங்கள் என நான்கு பெரும் பிரிவு. சாப்பிடும் முறையிலிருந்து சாகும் முறைவரை அதில் உண்டு.

ஈடேற்றம் தரும் குணங்களில் முதலாவதாக அவர் வைத்தது தௌபா. செய்த பாவத்தை உணர்ந்து இறைவனிடம் திரும்புவதுதான் தௌபா. வாயினால் மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது என்று அவர் விடவில்லை. முதலில் பாவம் நஞ்சு என்று தெரிய வேண்டும். தெரிந்ததும் நெஞ்சு எரிய வேண்டும். எரிந்தால் கை அதை விட்டுவிடும். விடாத கை இன்னும் எரியாத நெஞ்சுக்கு அடையாளம்.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்துக்கு அழலாம். அண்டை வீட்டுக்காரனுக்குச் செய்த குற்றத்துக்கு? அவன் வீட்டுக்குப் போக வேண்டும். ஏமாற்றி வாங்கிய காசு, நிறுவையில் குறைத்த தானியம், பின்னால் பேசிய பழி எல்லாவற்றையும் வயது வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து, உரியவரைத் தேடிப் போய்த் தீர்க்க வேண்டும். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேட வேண்டும். இதைப் படித்த வியாபாரிகள் எத்தனை பேர் அன்றிரவு பழைய கணக்கைப் புரட்டினார்களோ!

சின்னப் பாவந்தானே என்று விடாமல் செய்தால் அது பெரியதாகிவிடும் என்றும் எழுதினார். சொட்டுச் சொட்டாக விழும் நீர் கல்லைக் குழியாக்கும். அவ்வளவு நீரையும் ஒரே தடவை கொட்டினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

கலப்பில்லாத வணக்கத்துக்கு இக்லாஸ் என்று பெயர். அதைப் பற்றிய பகுதியில் பல கதைகள் வருகின்றன. முப்பது ஆண்டு முதல் வரிசையில் நின்று தொழுத ஒருவர், ஒருநாள் தாமதமாக வந்து இரண்டாம் வரிசையில் நின்றாராம். பிறர் பார்க்கிறார்களே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான், இத்தனை நாளும் பிறர் பார்க்கவே முதல் வரிசையில் நின்றோம் என்று தெரிந்ததாம். முப்பது ஆண்டுத் தொழுகையையும் திரும்பத் தொழுதார்.

இன்னொரு கதை. மக்கள் ஒரு மரத்தை வணங்குகிறார்கள் என்று கேட்டு, ஒரு பக்தர் கோடரியோடு புறப்பட்டார். கிழவன் வேடத்தில் சைத்தான் வழி மறித்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். பக்தர் சைத்தானைக் கீழே தள்ளி மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சைத்தான் பேரம் பேசினான். மரத்தை விட்டுவிட்டால், தினமும் காலையில் தலைமாட்டில் இரண்டு தீனார் இருக்கும். அதை வைத்து ஏழைகளுக்கும் உதவலாமே! பக்தர் யோசித்தார். சரி என்றார். இரண்டு நாள் பணம் வந்தது. அதன் பிறகு வரவில்லை. கோபத்தோடு கோடரியை எடுத்தார். மறுபடியும் சைத்தான் வந்தான். இந்தத் தடவை பக்தர் அவன் காலடியில் குருவி போலக் கிடந்தார். முதல் தடவை வந்த கோபம் அல்லாஹ்வுக்காக. இரண்டாவது தடவை வந்த கோபம் இரண்டு தீனாருக்காக.

இதை எழுதியவர் 500 தீனார் உடையை உதறியவர்.

மீண்டும் ஆசனம்

சுமார் பதினோர் ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 1106-ம் ஆண்டு, நிஜாமுல் முல்க்கின் மகன் பக்ருல் முல்க், நிஷாப்பூர் மதரஸாவில் பாடம் நடத்தும்படி வற்புறுத்தினார். சோம்பலுக்கும் தனிமைச் சுகத்துக்கும் ஆசைப்பட்டு மக்களைக் கைவிடுவதா என்று கஸ்ஸாலிக்கும் தோன்றியது. போனார். முன்பு தாம் கற்பித்தது பதவியைத் தேடித் தரும் கல்வி, இப்போது கற்பிப்பது பதவியைத் துறக்கச் செய்யும் கல்வி என்று எழுதினார்.

எதிரிகள் சும்மா இருக்கவில்லை. அவர் எழுதியவற்றில் குற்றம் கண்டுபிடித்து அரசர் சஞ்சரிடம் கோள் சொன்னார்கள். அழைப்பு வந்தது. ஹெப்ரோனில் செய்த சபதத்தைச் சொல்லி, தம்மை வருமாறு வற்புறுத்த வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஆனாலும் போக நேர்ந்தது. அரசர் மரியாதையோடு வரவேற்றார். சபதம் செய்தவருக்கு அந்த மரியாதை இனித்திருக்காது.

சில காலத்தில் பதவியை விட்டுத் தூஸுக்கே திரும்பினார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மதரஸா, சூபிகள் தங்க ஒரு விடுதி. குர்ஆன் ஓதுவது, பாடம் சொல்வது, இறைநேசர்களோடு உட்காருவது என்று நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார். பக்தாத் பதவிக்கு மீண்டும் வரும்படி கேட்டார்கள். தம்மிடம் படிக்கும் 150 பேரை விட்டு வர முடியாது என்றும், சபதத்தை முறிக்க முடியாது என்றும் மறுத்துவிட்டார். ஊர் உலகம் இமாம் என்று போற்றிய அந்த வயதில், நபிமொழி நூல்களை வைத்துக்கொண்டு மாணவனைப் போலப் பாடம் கேட்கவும் தொடங்கினார்.

1111-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ம் தேதி. திங்கட்கிழமை. வயது 53.

முன்னதாக, நண்பர்கள் சிலர் அவரிடம் ஓர் உபதேசம் கேட்டார்கள். அவர் சொன்னது ஒரே சொல், இக்லாஸ். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று அதிகாலையில் எழுந்து ஒளூச் செய்தார். சுப்ஹுத் தொழுதார். தம் கபன் துணியைக் கொண்டுவரச் சொன்னார். தம்பி அகமதுதான் பிற்பாடு இதைச் சொன்னவர். கஸ்ஸாலி துணியைக் கையில் வாங்கினார். முத்தமிட்டார். கண்களில் ஒற்றிக்கொண்டார். அரசனின் சந்நிதிக்கு வரச் சித்தமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு கால்களை நீட்டி, கிப்லாவை நோக்கிப் படுத்தார். பொழுது நன்றாக விடியுமுன் உயிர் பிரிந்தது.

நூல் நூற்றவர் வாழ்ந்த அதே தாபரானில் அவரை அடக்கம் செய்தார்கள்.